கை இலச்சினையும் கரையானும்

தில்லையில் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பொன்னம்பலத்தின் மேற்புறத்து அறையொன்றில், மூவரின் கை இலச்சினை இட்ட கதவுக்குப் பின்னால் ஏடுகள் இருந்தன. மன்னன் கேட்டான், நம்பியாண்டார் நம்பி உடன் நின்றார். இலச்சினை இட்ட மூவரே நேரில் வந்தால் திறப்போம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறந்தபோது ஏடுகளின்மேல் புற்று வளர்ந்திருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்ததில் மிஞ்சியது ஒரு பகுதியே. இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று ஓர் அசரீரி ஆறுதல் சொன்னதாகவும் புராணம் கூறும்.

இது வரலாறா, சமயக் கற்பனையா என்பது ஆய்வாளர்களின் வழக்கு. அதில் நுழைய எனக்கு விருப்பமில்லை. கதையின் நடுவில் இருக்கும் அந்த இலச்சினை ஒன்றே எனக்குப் போதும். படைத்தவனின் கைக்குறி, படைப்பை அடுத்தவரிடமிருந்து விலக்கிவைக்கும் பூட்டாக மாறிய விந்தை அதில் இருக்கிறது. இன்று அதே கைக்குறி வேறொரு வகை நூலின்மேல் விழுந்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சேகரிப்பாளர்கள் 'லிமிடெட் எடிஷன்' என்று சொல்லும், கையொப்பமிட்டு எண்ணிட்ட புகைப்பட நூல்களையே குறிப்பிடுகிறேன்.

இவ்வகை நூலை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு புகைப்படக் கலைஞர் தம் படங்களை நூலாக்குகிறார். நூறோ இருநூறோ பிரதிகள் மட்டும் அச்சாகின்றன. ஒவ்வொன்றிலும் 17/100 என்பதுபோல ஓர் எண். அருகில் கலைஞரின் கையொப்பம். துணி போர்த்திய பெட்டி, சில சமயம் உள்ளே தனியாக ஒரு படம், இந்த எண்ணிக்கைக்கு மேல் அச்சிடமாட்டோம் என்ற உறுதிமொழி. பிரதிகள் தீரத் தீர விலை ஏறுவதும் உண்டு. வாங்கியவர் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்துவிடுகிறார். பிரித்தால் மதிப்புக் குறையுமாம். வாசிக்காமல் விடுவதால் விலை கூடுகிற நூல் என்ற ஒன்றை மனித இனம் கண்டுபிடித்துவிட்டது. இதைப் பண்பாட்டுச் சாதனை என்று நம் இலக்கிய நண்பர்களே கொண்டாடத் தொடங்கியிருப்பதுதான் என்னை எழுதவைக்கிறது.

இந்த மோகத்துக்கு வயது அதிகமில்லை. ஆண்ட்ரூ ராத் 2001இல் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான 101 புகைப்பட நூல்களைத் தொகுத்து அறிமுகப்படுத்தினார். மார்ட்டின் பார், ஜெர்ரி பேட்ஜர் இருவரும் எழுதிய புகைப்பட நூல் வரலாற்றின் முதல் தொகுதி 2004இல் வந்தது. இரண்டும் நல்ல நூல்கள். மறக்கப்பட்ட பல படைப்புகளை மீட்டவை. ஆனால் சந்தை அவற்றை வரலாறாக வாசிக்கவில்லை, கொள்முதல் பட்டியலாக வாசித்தது. அதற்குச் சற்று முன்னரே, 1999இல், டாஷன் பதிப்பகம் ஹெல்முட் நியூட்டனின் 'சுமோ'வை வெளியிட்டிருந்தது. எண்ணிட்டுக் கையொப்பமிட்ட 10,000 பிரதிகள். ஒருவர் கையில் ஏந்திப் படிக்கும் எடை இல்லை அது. வைப்பதற்கென்று ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த தனி மேடையே உடன் வந்தது. நூலில் இடம்பெற்ற பிரபலங்கள் 80க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட முதல் பிரதி 2000ஆம் ஆண்டு பெர்லினில் 6,20,000 மார்க்குக்கு ஏலம் போனது. அன்றுமுதல் நூலின் விலை என்பது படத்தின் மதிப்பா, பெயரின் மதிப்பா என்று கேட்பவர் பத்தாம்பசலி ஆகிவிட்டார்.

முதலில் அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். எண்ணிடும் வழக்கம் செதுக்கு ஓவியத்திலிருந்து வந்தது. செப்புத் தகட்டில் கீறி எடுக்கும் படத்தில், அழுத்தம் பெறப் பெறத் தகடு தேயும். முதலில் எடுத்த படியில் இருக்கும் கூர்மை ஐம்பதாவது படியில் இராது. ஆகவே எண்ணுக்கு அங்கே ஒரு பருப்பொருள் காரணம் இருந்தது. ஆஃப்செட் அச்சில் அப்படி ஏதும் இல்லை. மை சீராக ஓடத் தொடங்கிய பிறகு பதினேழாவது பிரதிக்கும் மூவாயிரமாவது பிரதிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. தேயாத தகட்டுக்குத் தேய்ந்ததுபோல் வேடம் கட்டுவதுதான் புகைப்பட நூலில் எண்ணிடுதல். அருமை என்பது அங்கே பொருளின் இயல்பாக இல்லை. கூட்டத்தில் எடுத்த முடிவாக இருக்கிறது.

உண்மையான அருமை எப்படி இருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1857 டிசம்பர் தொடங்கிச் சில மாதங்கள் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளோடு அலைந்தார். அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். அதற்கு முன் பர்மா பயணத்தில் எடுத்த 120 படங்களை 50 தொகுதிகளாக ஆக்கியபோது ஆறாயிரம் படிகளைச் சூரிய ஒளியில் ஒவ்வொன்றாக அச்சிட்டுக் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. 50 என்ற எண் அங்கே வெயிலும் உழைப்பும் விதித்த எல்லை. அதற்கே செலவு தாளாது என்று ஆளுநர் ட்ரெவெல்யன் 1859இல் அந்தப் பணியை நிறுத்தினார். ட்ரைப் இன்னும் நூறு தொகுதிகள் செய்ய முடியாமல் நின்றார். நம் காலத்துக் கலைஞர் இன்னும் ஆயிரம் பிரதிகள் அச்சிட முடிந்தும் அச்சிட மறுக்கிறார். முன்னது வறுமை; பின்னதற்கு என்ன பெயர் வைப்பது?

இவ்விடத்தில் வால்ட்டர் பெஞ்சமினைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். நானே கொண்டுவந்துவிடுகிறேன். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படிகளையும் எடுக்கலாம், அவற்றில் எது அசல் என்று கேட்பதில் பொருளில்லை என்று 1930களிலேயே சொன்னவர் அவர். ஆனால் அதே பெஞ்சமின் 1931இல் தம் நூலகப் பெட்டிகளைப் பிரிப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில் சேகரிப்பாளனின் பக்கமும் நிற்கிறார். பொது நூலகம் சமூகத்துக்கு அதிகம் பயன்படலாம், ஆயினும் பொருளுக்கு உரிய மரியாதை தனிச் சேகரிப்பாளனிடமே கிடைக்கிறது என்பது அவர் கருத்து. இதை நான் மறுக்கவில்லை. ஒரு நூலின் கட்டமைப்பை, தாளின் எடையை, கறுப்பின் ஆழத்தைக் கவனித்துத் தொடும் விரல்கள் பெரும்பாலும் சேகரிப்பாளனுடையவை. ஆனால் பெஞ்சமின் தம் நூல்களைப் பிரித்தார், படித்தார், அவற்றோடு நாடு நாடாக ஓடினார். கண்ணாடித் தாளுக்குள் வைத்து விலைப்பட்டியல் பார்த்தவரில்லை. அவர் பெயரைச் சொல்லிப் பதுக்கலை நியாயப்படுத்துவது, காந்தியின் பெயரைச் சொல்லிச் சாராயம் விற்பதற்குச் சமம்.

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். புகைப்படம் மற்றக் கலைகளைப்போல் கலைஞரின் அகத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. எதிரில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு கல், ஒரு மரம், ஓர் ஊர் இருக்க வேண்டும். படத்தில் பாதி அவர்களுடையது. ஆகவே புகைப்பட நூலைப் பூட்டும்போது பூட்டப்படுவது கலைஞரின் சொத்து மட்டுமன்று, எதிரில் நின்றவரின் சாட்சியமும்தான்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரி கற்சிலை களவு போய், சுபாஷ் கபூர் என்ற வணிகர் வழியாக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு 2004இல் விற்கப்பட்டது. அந்தச் சிலை விருத்தாசலத்துக்கே உரியது என்பதற்குச் சான்றாக வந்தது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாகத் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்துச் சேர்த்துவைத்த ஆவணத்தில், 1970களில் எடுத்த படமொன்றில் அர்த்தநாரி தன் மாடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீபுரந்தான் நடராசருக்கும் அதே ஆவணமே சாட்சி சொன்னது. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்படங்களை எடுத்தவர்கள் அவற்றில் கையொப்பமிட்டு, எண்ணிட்டு, நூறு செல்வந்தர்களின் அலமாரிக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேடுபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தப் படம் ஒரு தெய்வத்தை ஊர்திரும்ப வைத்தது. எந்தப் படம் எந்த நாளில் எதற்குச் சான்றாகும் என்பதை எடுத்தவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

இன்னொரு படம், இதே மாவட்டத்துக் கடற்கரையில் எடுத்தது. 2004 டிசம்பர் 28ஆம் நாள், ஆழிப்பேரலை அடித்த இரண்டாம் நாள், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்தது. மணலில் முகம்குப்புற விழுந்து கைகளை விரித்து அழும் ஒரு பெண். சட்டத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அவ்வாண்டின் உலகச் செய்திப் புகைப்பட விருதை அது பெற்றது. அப்படம் எடுக்கப்பட்ட முறை பற்றியும், துயரத்தைக் காட்சியாக்குவது பற்றியும் கேள்வி எழுப்ப நமக்கு உரிமையுண்டு. அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அப்படம் உலகத்துச் செய்தித்தாள்களில் எல்லாம் அச்சாகி நம் கண்முன் வந்ததிலிருந்து. பெட்டிக்குள் இருக்கும் படத்தை யாரும் விமர்சிக்க முடியாது. விமர்சனத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவும் வரையறைப் பதிப்பு பயன்படுகிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

எதிர்த் தரப்பின் வாதங்கள் மூன்று. மூன்றையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, கலைஞர் வாழ வேண்டாமா என்பது. வாழ வேண்டும். நல்ல தாளில், கறுப்புக்கு இரண்டு மூன்று மைகள் ஏற்றி அச்சிடும் நூலுக்குச் செலவு மிகுதி. கவிதைத் தொகுப்புக்கே சில நூறு வாசகர்கள் கிடைத்தால் பெரிது என்றிருக்கும் நம் சூழலில் புகைப்பட நூலை யார் வாங்குவார்? ஆகவே செல்வந்தரிடம் கூடுதல் விலை வாங்குவதில் தவறில்லை என்பார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்தக் கூடுதல் விலை எளிய பதிப்பொன்றைத் தாங்க வேண்டும். செபஸ்தியோ சல்காடோவின் 'ஜெனிசிஸ்' 2013இல் வந்தபோது, டடாவோ ஆண்டோ வடிவமைத்த மேடையோடு கையொப்பமிட்ட பெரும்பதிப்பும் வந்தது, சாதாரண வாசகர் வாங்கக்கூடிய பதிப்பும் உடன் வந்தது. 'சுமோ'வுக்கே பத்தாண்டு கழித்து, 2009இல், சிறிய பதிப்பு வந்துவிட்டது. அதனால் பழைய பிரதிகளை வைத்திருந்தவர்கள் ஓட்டாண்டிகளாகிவிடவில்லை. ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' 1958இல் முதலில் வந்து மீண்டும் மீண்டும் அச்சாகியும் முதற்பதிப்பின் விலை இறங்கவில்லை. கார்ட்டியே-ப்ரெஸ்ஸானின் 1952ஆம் ஆண்டு நூலை 2014இல் ஷ்டைடல் அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோதும் அதுதான் நிலைமை. மறுபதிப்பு வந்தால் சேகரிப்பாளன் அழிவான் என்பது பொய். படிப்பவர் பெருகப் பெருக முதற்பதிப்பைத் தேடுபவரும் பெருகுவர்.

தயாநிதா சிங்கை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. நூலையே கண்காட்சியாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய 'மியூசியம் பவன்' 2017இல் 3,000 பெட்டிகளாக வந்தது. ஒவ்வொரு பெட்டியின் துணியும் வேறு; உள்ளே மடிந்து விரியும் சிறு நூல்களில் இருக்கும் படங்கள் எல்லாருக்கும் ஒன்றே. தனித்துவத்தை மேலட்டைக்குக் கொடுத்துப் படத்தைப் பொதுவில் வைத்த அந்த அறிவு எனக்குப் பிடிக்கிறது. அவர் பெயராலும் பாரி இணையதளத்தின் பெயராலும் 2022இல் நிறுவப்பட்ட ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் நம் மு. பழனி குமார். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் உழைக்கும் பெண்களையும் அவர் எடுத்த படங்களைப் பாரி தளத்தில் எவரும் காசின்றிப் பார்க்கலாம், தமிழிலேயே படிக்கலாம். கலைஞரும் வாழ வேண்டும், படமும் திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வழிகள் இல்லாமல் இல்லை.

இரண்டாவது வாதம், கையால் செய்த நூலின் அழகு. அழகை நான் பகைக்கவில்லை. சென்னை தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட 'மரங்களின் இரவு வாழ்வு' பற்றிய கோண்டு ஓவிய நூல், பட்டுத்திரை அச்சில் கையால் அச்சிட்டுக் கையால் தைத்தது. பிரதிகளில் எண்ணும் உண்டு. ஆனால் ஒரு பதிப்புத் தீர்ந்தால் அடுத்ததை அச்சிடுகிறார்கள். எண் அங்கே, இதைச் செய்ய ஒரு கை உழைத்தது என்று சொல்கிறது. உனக்குக் கிடையாது என்று சொல்லவில்லை. நம் எழுத்தாளர்களும் புத்தகக் கண்காட்சியில் 'அன்புடன்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அதற்காக எவரும் பத்து ரூபாய் கூட்டியதில்லை. கையொப்பம் உறவின் குறியாக இருக்கும்வரை அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அது பத்திரத்தின் முத்திரையானபோதுதான் கசக்கிறது.

மூன்றாவது வாதம் வலுவானது: சேகரிப்பாளர் இல்லாவிட்டால் எதுவும் எஞ்சாது. உண்மை. கோட்டையூர் ரோஜா முத்தையா இல்லாவிட்டால் நம் அச்சு வரலாற்றின் பெரும்பகுதி பழைய காகிதக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அவர் சேர்த்ததன் பெருமை எதில் நிறைவேறியது? அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்று, அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாகத் திறந்ததில். மார்ட்டின் பாரின் 12,000 புகைப்பட நூல்கள் 2017இல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. சேகரிப்பு என்பது தாமதமான பொதுவுடைமை; அப்படியிருந்தால்தான் அதற்கு மரியாதை. ஒரே இடத்தில் குவிப்பதும் காப்பாகாது என்பதை 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது கண்டோம். பல பிரதிகள் பல ஊர்களில் இருப்பது ஒன்றே நூலுக்குக் காப்பு. நூறு பிரதிகளோடு நிறுத்துவோம் என்பவர், தீக்கும் கரையானுக்கும் பாதி வேலையைத் தாமே செய்து கொடுக்கிறார்.

இவ்வளவு பேசுவதற்குக் காரணம் பாரிஸோ பெர்லினோ அன்று. விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது கம்மாபுரம். 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்கள் இந்த வட்டாரத்து ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்திருக்கின்றன. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பார்த்தது என்றால் புகைப்படங்களால் பார்த்தது. நாளை இந்த ஊர்களைப் பற்றி ஒரு நல்ல புகைப்படக் கலைஞர் நூல் செய்யக்கூடும். செய்ய வேண்டும் என்பதே என் ஆசை. குளம், களத்துமேடு, அய்யனார், பள்ளிக்கூடத்துச் சுவர் எல்லாம் குழிக்குள் போனபின் அவற்றின் எச்சம் அந்தத் தாளில்தான் இருக்கும். அந்நூல் 100 பிரதிகளோடு நின்று, ஆழ்வார்பேட்டையிலும் மும்பையிலும் கண்ணாடி அலமாரிகளில் பிரிக்கப்படாமல் கிடந்தால், நிலத்தை இழந்தவன் தன் நிலத்தின் படத்தையும் இழந்தவனாவான். முதல் இழப்புக்காவது இழப்பீடு என்று ஒரு சொல் இருக்கிறது.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. இந்தியாவில் வெளியாகும் எந்நூலின் பிரதியும் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் செலவில் போய்ச்சேர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தேசிய நூலகத்துக்குத் தரும் பிரதி, மிகச் சிறந்த பிரதிக்கு இணையான தாளிலும் வண்ணத்திலும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வரையறைப் பதிப்புக்கு அதில் விலக்கு ஏதும் இல்லை. மீறினால் 50 ரூபாய்வரை அபராதமும் நூலின் விலையும். ஆகவே புகைப்பட நூல் வெளியிடும் நண்பர்கள் முதலில் சட்டத்தை நிறைவேற்றட்டும். அடுத்து, எந்த மாவட்டத்தில் படமெடுத்தார்களோ அந்த மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பிரதியும், எந்த ஊரின் முகங்களை எடுத்தார்களோ அந்த ஊருக்கு ஒரு பிரதியும் கொடுக்கட்டும். அதில் கையொப்பம் இருந்தால் இன்னும் நல்லது. சேகரிக்கும் நண்பர்கள், வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இதன் எளிய பதிப்பு எப்போது வரும்? வராது என்று பதில் கிடைத்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருக்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தாளைக் கிழித்துவிட்டு நாலு பேரை வீட்டுக்கு அழைக்கட்டும்.

விலை குறையும் என்று அஞ்ச வேண்டாம். குறைந்தால், இத்தனை நாள் அவர்கள் வாங்கி வைத்திருந்தது நூலன்று என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.